பெட்டியோடு போன நம்பர்

கொழும்பிலிருந்து சென்னைக்கு வருவது எனக்குப் பெரிய காரியமில்லை. வந்து இறங்கியபின் ஒரு ஃபோன் பேசுவதுதான் பெரிய காரியம். சிம் விற்கும் கடைக்காரர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். வெளிநாட்டுக்காரர் என்றால் உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவருடைய நம்பருக்கு ஓடிபி வரும், அதற்குப் பிறகும் சிம் உயிர்பெறச் சுணங்கும் என்றார். "ரூல்ஸ் மேடம், நாங்க இன்னா பண்றது?" என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டார். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து என் ஃபோனை விமானத்தில் அணைத்தது அணைத்தபடியே பைக்குள் போட்டேன். அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை நான் ஊமை.

வெளியே சகாயம் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான். ராயபுரத்தில் என் அக்கா பிலோமினாவுக்குப் பக்கத்து வீடு. நாற்பதைத் தொட்ட மனிதன், அக்காவைப் பெரிம்மா என்பான், என்னைச் சித்தி என்பான். மூன்று நாள் முன்பு வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டவனும் அவன்தான். "பெரிம்மாவுக்கு நெஞ்சுவலி சித்தி. ஆஸ்பத்திரில சேத்துகீறோம். ஜெரால்டு கடல்ல கீறான், லைன் கெடைக்கல. நீ வந்துரு" என்றான். ஜெரால்டு அக்காவின் மகன். கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு, வழியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பதற்றம் என் பிறவிக்குணம். பால் பொங்கினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சிம் கதையைச் சொன்னதும் சகாயம் சிரித்தான். "எங்க கவுர்மென்ட்டு உன்ன நம்பல சித்தி. நான் நம்புறேன், ஏறு" என்றான்.

பசிக்கு ஓர் அத்தோ வண்டியில் நிறுத்தினான். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு அது. பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய தட்டை. எனக்குப் பிடித்துப்போயிற்று, ஆனால் நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. ஒருவர் கைபேசியை நீட்டி ஸ்கேன் செய்யும்போதெல்லாம் வண்டியில் தொங்கிய சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று கத்தியது. நான் நோட்டை நீட்டியபோது கடைக்காரர் அதை ஏதோ அருங்காட்சியகப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சில்ற இல்லம்மா, ஸ்கேன் பண்ணு." இந்த ஊர் வங்கிக்கணக்கும் இந்த ஊர் நம்பரும் இல்லாதவள் எதை ஸ்கேன் செய்வது? கடைசியில் சகாயம்தான் ஃபோனை நீட்டினான், பெட்டியும் கத்தியது.

எங்கள் ஊரில் கதை வேறு. ஏதாவது கலவரம் என்றால் அரசாங்கம் முதலில் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் பூட்டிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கெஞ்சிக் குறுக்குவழி கற்றுக்கொண்டவள் நான். பெட்ரோல் இல்லாத காலத்தில் அரசாங்கம் பங்கீட்டுக்குத் தந்த கியூஆர் கோடு வைத்துக்கொண்டு வரிசையில் கால் கடுக்க நின்றதும் உண்டு. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு மறுநாள் காலை பத்து மணி வரைக்கும்தான் நிலைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்ததும் அக்கா ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, "ஏன்டி, செலவு பண்ணிகினு வந்த? உன் தமிழு இன்னும் ரேடியோ மாதிரியேதான் கீதா?" என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்பு கல்யாணமாகி வந்தவள். இன்று அவள் பேச்சில் கொழும்பின் வாடைகூட இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் ஜெரால்டு விசைப்படகில் போகிறவன், போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை. அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கிறாள். ஐஸிலும் இறால் ஓட்டிலும் கிடந்து கிடந்து அவள் விரல்நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. பிடித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

இருதயக் குழாயில் அடைப்பு, இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள் என்றார் டாக்டர். சாதாரணமாக, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைச் சொல்வதுபோல்தான் சொன்னார். கையிலிருந்து கட்டிச் செய்ய எங்களுக்கு வழியில்லை. அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் எல்லாம் இலவசம். ஒன்றே ஒன்று, அக்கா அக்காதான் என்று கணினி ஒத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி, ஒவ்வொரு விரலாக ஈரத்துணியால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு. பத்து விரலுக்கும் அதே சிவப்பு. பிறகு கண் பார்க்கும் இயந்திரத்தை எடுத்தாள். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக முகம். ஆதாரில் இருக்கும் படம் அக்கா தடித்த உருண்டை முகத்தோடு இருந்த காலத்தில் எடுத்தது. இப்போது கன்னம் ஒட்டிப்போய்க் கிடப்பவளை அது யாரோ என்றது.

"இன்னாடி இது, எம் மூஞ்சி எனக்கே சேரலயா?" என்றாள் அக்கா.

"கவலைப்படாதீங்கம்மா, ஓடிபி ஒண்ணு கீதே" என்றாள் கவுண்டர்ப் பெண். "ஆதார்ல குடுத்த நம்பருக்கு வரும், அத்த சொன்னா போதும். வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிட்டா அடுத்த நாளே ஆபரேஷன். நம்பர் யார்ட்ட கீது?"

"டெய்சி நம்பருதான்" என்றாள் அக்கா, சட்டென்று.

பின்னால் நின்ற சகாயம் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். டெய்சி அவனுடைய அம்மா. இறந்துபோய் ஒரு வருஷமாகிறது.

விஷயம் இதுதான். ராயபுரத்தில் அக்கா இருக்கும் சந்தில் ஆண்கள் பாதிப்பேர் கடலில், பெண்கள் பாதிப்பேர் மீன் ஏலக்கூடத்தில். வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் படகோடு போய்விடும். ரேஷன், காஸ், ஆதார், வங்கி என்று எதற்கெடுத்தாலும் ஒரு நம்பர் கேட்கும் காலம் வந்தபோது, அந்தச் சந்துக்காரர்கள் கூடிப்பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சந்துமுனையில் இட்லி சுடும் டெய்சி எங்கேயும் போகமாட்டாள். அவள் ஃபோன் இட்லிக்குண்டானுக்குப் பக்கத்திலேயே எப்போதும் இருக்கும். எல்லாரும் அவள் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். மெசேஜ் வந்தால் டெய்சி கரண்டியோடு வாசலுக்கு வந்து, "மும்தாஜு, உன் கேஸு வந்துகினு கீது! பிலோ, உனக்கு நம்பர் வந்துகீது, ஓடியா!" என்று கத்துவாள். அவ்வளவுதான் நிர்வாகம்.

டெய்சி இறந்தபோது சகாயம் அழுதழுது ஒன்று செய்தான். ஃபோன் இல்லாமல் அம்மா ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள் என்று, அதை அவள் கையில் ஜெபமாலையோடு சேர்த்துக் கொடுத்துச் சவப்பெட்டியை மூடிவிட்டான். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லாருக்கும் அது சரியென்றே பட்டிருக்கிறது. பெட்டி குழிக்குள் இறங்கும்போது உள்ளே மெசேஜ் வந்த சத்தம் கேட்டதாம். அழுதுகொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தும்விட்டார்களாம். யாருக்கு வந்த மெசேஜோ, கடைசிவரை தெரியவில்லை.

ரீசார்ஜ் செய்யாமல் சில மாதம் கிடந்தால் அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்த நாட்டு விதி. அப்படியே கொடுத்தும்விட்டார்கள். இப்போது என் அக்காவின் உயிர் யாரோ ஒருவருடைய ஃபோனுக்குள் இருக்கிறது.

"நம்பரை மாத்துங்களேன்" என்றேன் கவுண்டர்ப் பெண்ணிடம்.

"மாத்தறதுக்கும் வெரலு வேணும்மா. இல்ல கண்ணு வேணும்" என்றாள் அவள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத் தயார், நடுவில் இருக்கும் கணினிப்பெட்டிதான் கொடுக்கவில்லை.

சகாயத்திடம் ஃபோனைக் கேட்டேன். சார்ஜ் இல்லை என்றான். முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது, ஆனால் சண்டை போட நேரமில்லை. எதிரே டீக்கடைக்காரரின் ஃபோனை வாங்கி அந்த நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குப் பதிலாக ஒரு குரல் பேசியது. அரசாங்கத்தின் எச்சரிக்கை. மோசடிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நிறுத்தி நிதானமாக அறிவுரை சொல்லி முடித்தபிறகே மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

"வணக்கம் தங்கச்சி, நான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறன். உங்கட ஃபோனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கொஞ்சம்..."

"இன்னா தெகிரியம் உனக்கு? ஃபாரின்லருந்து வேற பேசுறியா? போலீஸ்ல சொல்லிருவேன், வை!"

மறுபடி அடித்தேன். டீக்கடைக்காரரின் நம்பரை அவள் தடைசெய்துவிட்டாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் ஃபோனுக்கும் அதே கதிதான். சந்துப் பெண்கள் முன்பே ஆளாளுக்கு முயன்று பார்த்து, ஆளாளுக்குத் திட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரக்கமில்லாத ஜென்மம் என்று கொழும்புத் தமிழில் என்னென்னவோ திட்டினேன். டீக்கடைக்காரர் புரியாமல் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் சகாயம் வந்து நின்றான். சார்ஜ் இல்லை என்று சொன்ன அதே ஃபோனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் "அம்மா" என்று சேமித்த பெயர். அதன் பக்கத்தில் டெய்சியின் படம் இல்லை. கேக் வெட்டும் ஒரு சின்னப் பெண்குழந்தை.

"ஆறு மாசம் முன்ன ஒரு நாளு பாத்தேன் சித்தி. அம்மா பேரு கீது, படம் மாறிகீது. கையெல்லாம் நடுங்கிருச்சி. அழிக்க மனசு வரல. அந்த நம்பருக்கு அடிக்கவும் மனசு வரல. அடிச்சா வேற யாருனா எடுப்பாங்க இல்ல? அத்தான் சார்ஜ் இல்லன்னுட்டேன்" என்றான்.

அவனைத் திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கேக்கில் யாழினி என்று எழுதியிருந்தது. பின்னால் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு பேக்கரியின் பெயர், அடியில் எண்ணூர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் புறப்பட்டோம். ஆட்டோ திருவொற்றியூர் வரைக்கும்தான் போயிற்று. அதற்கு மேல் கண்ணுக்கெட்டியவரை கன்டெய்னர் லாரிகள். டிரைவர்கள் வண்டிக்குக் கீழே பாய்விரித்துத் தூங்குகிறார்கள் என்றால் அந்த வரிசை எப்போது நகர்ந்ததோ. சகாயம் சந்துபொந்தெல்லாம் நுழைந்து பார்த்துவிட்டு, "பேஜாரு சித்தி, எறங்கு" என்று ஆட்டோவைத் தெரிந்த மெக்கானிக் கடையில் போட்டான். ஸ்டேஷனுக்கு ஓடினோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவனுக்கு என்னைவிட அதிகம் வாங்கியது.

ரயிலில் ஒரு காரியம் நடந்தது. பெட்டியில் இருந்த எல்லா ஃபோன்களும் ஒரே நொடியில் அலறின. மணியோசையல்ல, சங்கு பிடிப்பதுபோன்ற ஓர் அலறல். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தேவிட்டாள். "இன்னாமே, கேஸ் லீக்கா?" என்றாள். எண்ணூர்ப் பக்கத்தில் ஆலைகள் நிறைய. அங்கே மனிதர்கள் எதற்கும் முதலில் காற்றைத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். நானும் முகர்ந்தேன், என்ன வாடை என்று தெரியாமலே. கண்ணாடி போட்ட ஒருவர் ஃபோனைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்: "பேரிடர் எச்சரிக்கை, சோதனைச் செய்தி. ஒண்ணியும் பண்ண வேணாமாம்."

"அத்த மெதுவா சொல்லக்கூடாதா? கொலநடுங்கிப் பூட்ச்சி" என்று அந்தப் பெண் உட்கார்ந்தாள். அணைத்துவைத்த என் ஃபோன் மட்டும் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. நிஜமாகவே ஏதாவது நடந்தாலும் எனக்குத் தெரியவராது.

எண்ணூர்ப் பேக்கரிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி வீடு எங்கே என்று கேட்கிற முன்பின் தெரியாத ஆண், கூடவே வேறு மாதிரித் தமிழ் பேசுகிற ஒரு பெண். பிள்ளை பிடிக்கிறவர்கள் உலாவுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வராத வாரமே கிடையாது. "நீங்க எந்த ஊரு?" என்றார். கொழும்பு என்றேன். உண்மையைச் சொன்னது தப்பாகப் போயிற்று. கடைவாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சகாயத்தின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவன் அவசரமாக ஃபோனில் அக்காவின் படத்தைக் காட்டினான், ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடக்கும் படம். "எங்க பெரிம்மா சார். உசுரு ஊசலாடுது. அந்தப் பாப்பா வூட்ல ஒரு வார்த்த கேக்கணும், அவ்ளோதான்" என்றான். பேக்கரிக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வரிசை என்று கைகாட்டினார். எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார்.

வரிசையில் எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. துணிக்கொடிகளில் சாம்பல் படிந்திருந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டினால் அடி விழும் என்று எனக்குத் தோன்றியது.

"தம்பி, அந்த நம்பருக்கு அடிங்க. எந்த வீட்டில சத்தம் கேக்குதெண்டு பாப்பம்" என்றேன்.

சகாயம் என்னைப் பார்த்தான். அம்மா என்ற பெயரின் மேல் விரலைக் கொண்டுபோனான், எடுத்தான், சட்டையில் துடைத்தான். "சித்தி, நீ அடி" என்றான். அது உன் அம்மா நம்பர், நீதான் அடிக்க வேண்டும் என்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். எச்சரிக்கைக் குரல் முழுவதையும் பேசியது. பிறகு மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சினிமாப்பாட்டு கேட்டது.

கதவு திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், காதில் ஃபோன். "அலோ, யாரு?" என்றாள். அவள் குரல் வாசலிலும் கேட்டது, சகாயத்தின் கையிலும் கேட்டது. அவன் ஃபோனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டு நின்றான். நானும் அழுதுவிட்டேன். எங்களைப் பின்தொடர்ந்து வந்தவர்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் மேலே பார்த்தார்.

அவள் பெயர் கோமதி. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "சார், நாங்க ஒண்ணியும் பண்ல சார். சிம்மு கடையிலதான் வாங்குனோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எங்களைப் போலீஸ் என்று நினைத்துவிட்டாள்.

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி, சந்து, பெட்டி, குழி, அக்கா, விரல், கண். அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்து கேட்டாள். பிறகு ஃபோனைத் திறந்து மெசேஜ்களைக் காட்டினாள். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. "பிலோமினா பேருல கேஸு, மும்தாஜ் பேருல ரேஷன், சேகர் பேருல பேங்க்கு. ஒரே நம்பருக்கு இத்தினி பேரு வந்தா நாங்க இன்னான்னு நெனப்போம்? எதுனா பெரிய கேங்கா இருக்குமோன்னு நானும் அவரும் தூங்கறதே இல்லக்கா. ஆத்துல தூக்கிப் போட்டுருன்னாரு அவரு. போட்டா இன்னும் சந்தேகம் வரும்னு நான்தான் வச்சிகினு கீறேன்."

இத்தனை நாள் நாங்கள் அவளைத் திட்டினோம், அவள் எங்களுக்குப் பயந்திருக்கிறாள்.

"சரி தங்கச்சி, இப்ப கவுண்டருக்குச் சொன்னா ஓடிபி அனுப்புவினம். வந்ததும் சொல்லுங்க" என்றேன்.

கோமதி ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது மட்டும் முடியாதுக்கா."

"ஏன்?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டெய்லி சொல்றாங்களே. நீ நல்லாத்தான் பேசுற. ஏமாத்த வர்றவனும் நல்லாத்தான் பேசுவான். பெரிம்மா, ஆஸ்பத்திரி, அழுக, எல்லாந்தான் சொல்லுவான்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அவள் இடத்தில் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வேறு நாட்டுக்காரி, ஃபோன்கூட இல்லாதவள், குழந்தையின் படத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்று ரகசிய எண்ணைக் கேட்கிறாள். அந்த எச்சரிக்கைக் குரல் யாரைப் பற்றிப் பேசுகிறது என்றால், சாட்சாத் என்னைப் பற்றித்தான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அக்கா செத்துப்போவாளே.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எழுந்துபோகவில்லை. "அந்த அம்மாவ நான் பாக்கலாமா?" என்றாள். "நானே வரேன். கண்ணால பாத்து, நெஜம்னு தெரிஞ்சா, நானே என் கையால அடிக்கிறேன். உங்க யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." பக்கத்து வீட்டில், யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிச் சொல்லிவிட்டு வந்தாள். எங்களைப் பின்தொடர்ந்து வந்தவர் ஸ்டேஷன் வரை கூடவே வந்து, அவளை ரயிலேற்றிவிட்டுத்தான் போனார்.

திரும்பும்போது ரயில் நடுவழியில் நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கவுண்டர் மூடுவதற்குள் போயாக வேண்டும். நான் ஜன்னல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். கோமதி தன் ஃபோனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கொருதரம் பார்த்தாள். குறைந்துகொண்டே வந்தது. அணைத்துவை என்றேன். அணைத்தால் மறுபடி உயிர்பெறாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அதைக் கேட்டதும் எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கோமதி முதலில் அக்காவின் கட்டிலுக்குத்தான் போனாள். கையைப் பிடித்து விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தாள். "இன்னாம்மா, வழுவழுன்னு கீது" என்றாள்.

"எறாலு உரிச்ச கையி" என்றாள் அக்கா. "நீதான் டெய்சி நம்பரா? அவ இருந்தா உனக்கு வடகறி குடுத்திருப்பா."

கவுண்டர்ப் பெண் எங்களைக் கண்டதும் பூட்டப்போன மேசையைத் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள். எல்லாரும் கோமதியின் ஃபோனையே பார்த்தோம். வரவில்லை. சர்வர் மெதுவாக இருக்கிறது என்றாள். இரண்டாவது முறை அழுத்தினாள். வரவில்லை. சகாயம் சுவரோடு சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். மூன்றாவது முறைக்கு மேல் இன்று விடாது என்று கவுண்டர்ப் பெண் தயங்கியபோது, கோமதி ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் ஓடினாள். படிக்கட்டில் டிங் என்றது.

ஓடிவந்தவள் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கவுண்டர்ப் பெண்ணைக்கூட நகரச்சொல்லிவிட்டு, ஒற்றைவிரலால் ஒவ்வோர் எண்ணாகத் தேடித்தேடித் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். "பாக்காதக்கா" என்று அதட்டினாள். பச்சைவிளக்கு எரிந்தது.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. அக்கா கண்விழித்ததும் பசிக்கிறது என்றாள். ஜெரால்டு கரைவந்து, செய்தி கேட்டு, மீன்வாடையோடே ஓடிவந்தான். ஆனால் நம்பர் மாறவில்லை. கண்ணில் புரை எடுத்து, அது ஆறி, இயந்திரம் அந்தக் கண்ணை ஒத்துக்கொள்ளும்வரை அக்காவுக்கு அதே நம்பர்தான். சந்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராக மாற்றிக்கொள்ள அலைகிறார்கள். இதைச் சொன்னபோது கோமதி, "சரி, ஆத்துல போடல" என்றாள். ரீசார்ஜ் மட்டும் நான் செய்கிறேன் என்று சகாயம் சொல்லிவிட்டான். அவள் மறுத்தாள். "எங்கம்மாவுக்குச் செய்யாம வுட்டதுதானே இவ்ளோ பேஜாருக்கும்" என்று முடித்துவிட்டான்.

ஊர் திரும்பும் நாள் அவன்தான் விமானநிலையத்துக்கு ஏற்றிப்போனான். பாதிவழியில் அவன் ஃபோன் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது, கேக் வெட்டும் குழந்தையோடு. அவன் வண்டியை ஓரங்கட்டினான். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பிலோம்மா பேருல ஓடிபி ஒண்ணு வந்துகீது. நீங்க யாருனா கேட்டீங்களா?"

"இல்லியே."

"நெனச்சேன். கூடவே ஒருத்தன் ஃபோன் பண்ணான். பேங்க்குலருந்து பேசுறேன், அந்தம்மா ஆஸ்பத்திரில சீரியஸா கீறாங்க, நம்பரச் சொல்லுன்னு அழுவுறான். குடுக்க மாட்டேன்னுட்டேன். செஞ்சது சரிதானேண்ணா?"

அக்காவின் கணக்கில் எவன் கைவைக்கப் பார்த்தானோ, அந்தக் கதவில் இந்தப் பெண் நின்றிருக்கிறாள். டீக்கடையில் நின்றுகொண்டு நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அதே பெண்.

"சரிதாம்மா" என்றான் சகாயம். "யாரு கேட்டாலும் குடுக்காத."

"நீங்க கேட்டாலுமா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"நான் கேட்டாலும் குடுக்காத" என்றான்.